வீட்டுச் சுவரில் ஒரு ஜப்பான் ரயில்

ஜப்பான் என்றதும் கிமோனோவும் ஃபூஜி மலையும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். என்னைக் கேட்டால், பழைய ரயில் போஸ்டர்களைத்தான் முதலில் சொல்வேன்!

என் கணவரின் வேலை நிமித்தம் நாங்கள் குடியிருப்பது டோக்கியோவில் நிஷிகசாய் என்ற பேட்டையில். நம்மவர்கள் நிறையப் பேர் இங்கே உண்டு. வாடகை வீட்டின் வெள்ளைச் சுவர் அலுத்துப்போய், பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன ஜிம்போச்சோவில் ஒரு போஸ்டரின் நகலை வாங்கி வந்தேன். அசல் பிரதிகளின் விலை நமக்கு எட்டாது.

1927 டிசம்பர் 30-ந் தேதி உயெனோவுக்கும் அசாகுசாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய சுரங்க ரயிலுக்கான விளம்பரம் அது. 'கீழ்த்திசையின் ஒரே பாதாள ரயில்' என்று பெருமை வேறு! பிளாட்பாரம் கொள்ளாத கூட்டம். கிமோனோ உடுத்திய பெண்கள், தொப்பி வைத்த ஆண்கள், மேல்நாட்டு உடையில் குழந்தைகள். வண்டி வந்துகொண்டிருக்கிறது. வரைந்தவர் சுகியுரா ஹிசுய். மிட்சுகோஷி டிபார்ட்மென்ட் ஸ்டோருக்குப் பல வருஷம் விளம்பரம் வரைந்தவர். அவர் மனைவி சுய்கோ ஒரு கவிஞர்.

அன்று ஓடிய தூரம் 2.2 கிலோமீட்டர்தான். ஐந்து நிமிஷப் பயணத்துக்கு ஜனங்கள் மணிக்கணக்கில் காத்து நின்றார்களாம்! அந்தப் பாதை இப்போது கின்சா லைனில் சேர்ந்துவிட்டது.

1937-ல் சதோமி முனெட்சுகு வரைந்த 'ஜப்பான்' போஸ்டர் வேறு ரகம். அதில் கூட்டமில்லை. தந்திக் கம்பம் சாய்கிறது. நிலமெல்லாம் வண்ணக் கோடுகளாக ஓடுகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்த மாதிரியே இருக்கும்.

1970-ல் ஒஸாகா கண்காட்சி முடிந்த கையோடு, அப்போதைய தேசிய ரயில்வே 'டிஸ்கவர் ஜப்பான்' என்று பிரசாரம் தொடங்கியது. அந்தப் போஸ்டர்களில் இளம்பெண்கள் தாங்களாகவே ஊர் சுற்றினார்கள். அதைப் பார்த்து நிஜமாகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பெண்கள் ஏராளம்.

சரி, வீட்டில் எப்படி மாட்டுவது?

வெயில் நேராகப் படும் சுவர் வேண்டாம், சாயம் வெளுத்துவிடும். அடுப்படிப் பக்கமும் கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். கண்ணாடி காகிதத்தில் ஒட்டாமலிருக்க, சுற்றிலும் மவுண்ட் அட்டை வைத்து ஃபிரேம் போடச் சொல்லுங்கள். பின்னால் செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள், கறை விழும். மழைக்காலத்தில் ஈரச்சுவரிலிருந்து கழற்றி வைப்பது நல்லது. சுவரை நிரப்புகிற ஆசையும் வேண்டாம். இந்த ஊர்ப் பழைய வீடுகளில் 'தொகொனொமா' என்று ஒரு மாடம் இருக்கும். அதில் ஒரே ஒரு ஓவியச் சுருளைத் தொங்கவிட்டு, பருவத்துக்கேற்ப மாற்றுவார்கள். ஒன்று போதும், கண் அதில் நிற்கும்.

நான் மாட்டியிருப்பது கூடத்தில் இல்லை. செருப்புக் கழற்றும் வாசலில். காரணம் இருக்கிறது. பாஷை தெரியாத ஊருக்குக் கைக்குழந்தையோடு வந்து, ரயிலேறப் பயந்து, வாரக்கணக்கில் நாலு சுவருக்குள்ளேயே அடைந்து கிடக்கும் இளம் தாய்மார்களை இங்கே பார்க்கிறேன். நானும் அப்படி இருந்தவள்தான். பூமிக்கு அடியில் போகும் வண்டியை அதுவரை கண்டிராத அந்த 1927-ம் வருஷத்துப் பெண்களும் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டுதானே வரிசையில் நின்றார்கள்! வாசலில் அவர்களைப் பார்த்துவிட்டுத்தான் நான் துணிந்து வெளியே கால் வைத்தேன்.

முதலில் போனது ஒரே ஸ்டேஷன் தூரம்: கசாய். அங்கே ரயில் பாலத்துக்கு அடியில், 1986-ல் திறந்த சுரங்க ரயில் மியூசியம் இருக்கிறது. அந்த 1927-ம் வருஷத்து மஞ்சள் வண்டியே அங்கே நிற்கிறது! குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை.

ரயில் போஸ்டர் சுவருக்கு அழகுதான். ஆனால் அதை வரைந்தது நம்மைச் சுவரைப் பார்த்து உட்காரவைக்க அல்ல, கிளப்பிவிட. மாட்டுகிறவர்கள் வாசலருகே மாட்டுங்கள். மாதம் ஒரு தடவையாவது அது சொல்வதைக் கேளுங்கள்!