காத்து எந்தப் பக்கம் அடிக்குது?

"திருச்சியில இருந்து சைக்கிள்ல எங்கடா போகலாம்?" இந்தக் கேள்வியை வகுப்பில் யார் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. "கல்லணைக்குப் போ. ஒரு மேடு கிடையாது, பள்ளம் கிடையாது, எங்க பாட்டி கூட ஓட்டும்." போன வருஷம் ஆடி மாசத்தோடு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் கிளம்பினோம். எனக்கு பெரியப்பா பையனின் கியர் சைக்கிள். இன்னும் இரண்டு பேரிடமும் கியர். தோழி ஒருத்தி பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா சைக்கிளில் வந்தாள், முன்னால் கூடையோடு. ஐந்தாவது ஆள், பத்தாம் வகுப்புக்கு அப்புறம் சைக்கிளையே தொடாத நண்பன். தம்பி சைக்கிளை எடுத்து வந்திருந்தான்.

திருவானைக்காவலில் இருந்து கல்லணை 17 கிலோமீட்டர் போல. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற தீவு அது. முக்கொம்பில் பிரிகிற ஆறுகள் கல்லணையில் மறுபடி நெருங்கி வரும். உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று ரோடு முழுக்க வாழைத்தோப்பு, வலது கைப்பக்கம் காவிரி. தண்ணீர் வேறு வந்திருந்தது. ஏழு மணிக்கு முன்னாடியே கல்லணையில் நின்றோம். "நமக்குள்ள இவ்வளவு ஸ்டாமினாவா!" என்று நான் பீற்றிக்கொண்டது இப்போதும் காதில் கேட்கிறது :-)

கரிகாலன் கட்டிய அணை, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரியும் அழகு, டீ, பஜ்ஜி, போட்டோ. அப்படியே பத்து மணியாகிவிட்டது. சைக்கிளைத் திருப்பினோம். அப்போதுதான் எங்கள் ஸ்டாமினாவின் ரகசியம் தெரிந்தது. அது மேல்காற்று. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து திருச்சியை உலுக்கும் காற்று. வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். காலையில் அது முதுகில் கை வைத்துத் தள்ளியதை எங்கள் திறமை என்று கணக்கெழுதிவிட்டோம். கடனை வருமானத்தில் எழுதின கதை. திரும்பும்போது வட்டியோடு வசூலித்தது.

கியர் இருக்கிற நாங்கள் மூவரும் கியரைக் குறைத்துக்கொண்டு குனிந்து மிதித்தோம். நண்பன் பின்தங்கினான். "நீங்க போங்கடா, நான் மெதுவா வர்றேன்" என்றான். நாங்களும் போய்விட்டோம்.

திருவானைக்காவலில் கரும்பு ஜூஸ் குடித்து, அரை மணி நேரம் நின்று, போன் அடித்தால் எடுக்கவில்லை. பயந்துபோய்த் திரும்பினோம். உத்தமர்சீலி தாண்டி ஒரு புளியமர நிழலில் படுத்திருந்தான். இரண்டு தடவை வாந்தி எடுத்திருக்கிறான். பக்கத்தில் கூடை வைத்த சைக்கிள் நின்றது. தோழி துப்பட்டாவை நனைத்து அவன் நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் போகவில்லை என்பதையே நாங்கள் கவனிக்கவில்லை. "அவன் போங்கன்னா போயிடுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஒரு குட்டியானையை நிறுத்தி அவனையும் சைக்கிளையும் ஏற்றி அனுப்பினோம். சாயங்காலம் அவன் சைக்கிளைப் பார்த்தேன். சீட் ஒரு ஜாண் கீழே இருந்தது. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அவனுக்கு முட்டி மடங்கியே இருந்திருக்கிறது. கிளம்பும்போது ஒரு ஸ்பேனர் போதும், இரண்டு நிமிஷ வேலை. யாரும் பார்க்கவில்லை.

ஆகவே மக்களே, இப்போது நான் சொல்லும் பதில் இதுதான்:

புதுசா ஓட்டுறவங்க: கல்லணை ரோட்டில் உத்தமர்சீலி வரை போய்த் திரும்புங்கள். பாதி தூரம்தான், ஆனால் வாழைத்தோப்பும் ஆறும் முழுசாகக் கிடைக்கும்.

கொஞ்சம் பழகினவங்க: ஆடியில் மேற்கே முக்கொம்பு, மார்கழியில் கிழக்கே கல்லணை. மார்கழியில் காற்று வடகிழக்கில் இருந்து வரும். தெம்பு இருக்கும்போது எதிர்காற்று, களைத்தபின் முதுகுக்காற்று. முக்கொம்புக்கு கரூர் ரோடு. பஸ்கள் உரசிக்கொண்டு போகும், அதனால் விடியற்காலையில் போய்விடுங்கள்.

நாள் முழுக்க ஓட்டுறவங்க: கல்லணை தாண்டி கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, தஞ்சாவூர். மொத்தம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். கோவிலடி பெருமாளுக்கு அப்பம்தான் நைவேத்யம். திருவையாற்றில் அசோகா சாப்பிடாமல் வந்தால் பாவம். இது ஒருவழிப் பயணம், ஆடிக்காற்றில் ஜாலியாகப் போகலாம். திரும்ப வண்டி பிடித்துக்கொள்ளுங்கள்.

மலை வேணும்னு அடம்பிடிக்கிறவங்க: கொல்லிமலை, 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதியிருக்கும், அதுவே பாதி சித்திரவதை. நான் 31-ல் இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். இறங்கும்போது பிரேக்கை விடாமல் பிடிக்காதீர்கள், சூடேறும். நடுநடுவே நின்று ஆறவிடுங்கள். பிரேக் கட்டை தேய்ந்த சைக்கிளில் போகவே வேண்டாம்.

எல்லா ரூட்டுக்கும் ஒரே சட்டம்: மெதுவாக ஓட்டுபவர்தான் முன்னால். மற்றவர்கள் அவர் வேகத்துக்குப் பின்னால்.

நண்பன் ஐந்து மாசம் எங்களோடு வரவில்லை. கூப்பிட்டால் "ஆடிட்டிங் படிக்கணும்" என்பான். அவன் ஆடிட்டிங் படித்து யாரும் பார்த்ததில்லை. மார்கழியில் ஒரு நாள் தோழிதான் அழைத்து வந்தாள். சீட்டை ஏற்றினோம். அவனை முன்னால் விட்டோம். பனி, எதிர்காற்று, கல்லணைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. இந்த ரோட்டில் இத்தனை மீன்கொத்தி உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. திரும்பும்போது முதுகுக்காற்றில் அவன் எங்களை விட்டுவிட்டுப் பறந்தான். கிளிக்கூட்டில் நின்று திரும்பிப் பார்த்து, "மெதுவா வாங்கடா, நான் நிக்கிறேன்" என்றான்.

யாருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை.

டிஸ்கி: பாட்டியைக் கேட்டேன். "ஆடி மாசத்துல எவன்டா கல்லணைக்குச் சைக்கிள்ல போவான்?" என்கிறார் :-)