வீட்டுக்காரன் யார்?

சுங்காயில் முதன்முதலாக ஒரு சிறு வீடு வாங்கி வாடகைக்கு விட முனைந்தேன். "வீடு உம்முடையதென்று சொல்லாதீர், பிரதிநிதி என்று சொல்லும். தவணை கேட்டால், 'முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன்' என்று தப்பிக்கலாம்" என்றார் ஒரு நண்பர். யோசனை இனித்தது.

வீடு பார்க்க வந்த அம்மையார் கேட்டார்: "கூரை ஒழுகினால் யாரிடம் சொல்றது, அண்ணே?"

தோட்டத்து லயத்தில் என் தந்தையார் கேட்ட கேள்வியும் அதுவே. "துரையிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றார் கிராணியார். துரையோ கம்பெனியைக் காட்டினார். கம்பெனியை எவரும் கண்டதில்லை. மழை மட்டும் தவறாது வந்தது. வேலை போனால் வீடும் போகும். மறுமுறை கேட்கத் துணிவேது?

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், பாட்டாளிகளின் சிறுதொகைகளைத் திரட்டித் தோட்டங்களை வாங்கிற்று. உடைமைக்காரன் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்ற வேட்கையும் அதில் இருந்ததென்பது என் எண்ணம். அவ்வழி வந்த நானா முகத்தை மறைப்பது? மேலும், நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தினால் பட்டாவிலுள்ள பெயர் எவர்க்கும் தெரிந்துவிடுமே!

"என்னிடமே சொல்லுங்கள், அம்மா. வீடு என்னுடையதுதான்" என்றேன்.

பின்னொரு மாதம் அவர் வாடகைக்குத் தவணை கேட்டார். பத்து நாள் இசைந்தேன். அதற்குமேல் முடியாதென்று என் வாயாலேயே சொன்னேன். அது கடினந்தான். ஆயினும், யாரிடம் கேட்பதென்று அவர் அலையவில்லை.