கொஞ்சம் அட்ஜஸ்ட்

புனே–லோணாவளா லோக்கல் காலை நேரத்தில் தாபோடி வந்து நிற்கும்போது உட்கார இடம் இருக்காது. இருந்தும் மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் பெஞ்சு ஓரமாக ஒருவர் வந்து நின்று, "தோட அட்ஜஸ்ட் கரூன் க்யா" (கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க) என்பார். யாரும் முகம் சுளிப்பதில்லை. மூவரும் ஆளுக்குக் கொஞ்சம் நெருங்குவார்கள். நான்காமவர் ஒரு தொடையைப் பெஞ்சிலும் மறு காலை நடைபாதையிலும் வைத்தபடி பிம்ப்ரியோ சிஞ்ச்வடோ போய்ச் சேருவார். மும்பை லோக்கலில் இதற்கு 'ஃபோர்த் சீட்' என்று பெயரே உண்டு.

லண்டன் ரயிலில் இதே வினைச்சொல்லைப் போட்டு இடம் கேட்டால், இருக்கையில் எதைத் திருகச் சொல்கிறார் என்று உட்கார்ந்திருப்பவர் விழிப்பார். அங்கே கண்ணாடியை, கடிகாரத்தை, கணக்கை அட்ஜஸ்ட் செய்வார்கள். புது ஊருக்கு, புது வேலைக்குத் தன்னை அட்ஜஸ்ட் செய்துகொள்வார்கள். பக்கத்து ஆளை நகரச் சொல்ல அந்தச் சொல் அவர்களுக்கு உதவாது. அதை இந்த வேலைக்கு வைத்தது நாம்தான்.

வைத்த விதமும் அழகு. ஆங்கில வினையை அப்படியே எடுத்துத் தமிழன் 'பண்ணு' சேர்த்தான், மராத்தியர் 'கர்' சேர்த்தார், கன்னடர் 'மாடு' சேர்த்தார். அதோடு விடவில்லை. நாம் 'பண்ணிக்கோங்க' என்கிறோம். அதில் இருப்பது 'கொள்'. மராத்தியில் 'கரூன் க்யா', இந்தியில் 'கர் லீஜியே'. மூன்றிலும் கடைசியில் நிற்பது எடுத்துக்கொள்வதைக் குறிக்கும் வினைதான். எனக்காகச் செய் என்று அதட்டாமல், நீங்களே மனமுவந்து ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கும் பணிவு அந்தச் சின்ன ஒட்டில் இருக்கிறது. இதே தடத்தில் உள்ள கட்கியிலும் தேஹு ரோடிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர்களுக்கு மராத்தி நாக்கில் எளிதாக ஒட்டியதற்கு இப்படிப்பட்ட ஒற்றுமைகளும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொரு ஆச்சரியம்: 'அட்ஜஸ்ட்' என்ற சொல்லின் லத்தீன் வேரில் இருப்பது 'யுக்ஸ்தா', அதாவது 'அருகில்'. அருகே கொண்டுவருவதுதான் பழைய பொருள். நியாயத்தைக் குறிக்கும் 'யூஸ்துஸ்' என்ற சொல்லோடு பிற்காலத்தில் குழப்பிக்கொண்டதால் சரிசெய்வது என்ற பொருள் வலுத்தது. லோக்கல் ரயில்காரர்கள் அகராதியைப் புரட்டாமலேயே மூலப் பொருளுக்குப் போய்விட்டார்கள்.

சரிசெய்யும் பொருளுக்கும் தாபோடியில் பஞ்சமில்லை. மகாராஷ்டிர அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பணிமனைகளில் ஒன்று இங்கே இருக்கிறது. பேருந்து மெக்கானிக்குக்கு அட்ஜஸ்ட் என்றால் முதலில் பிரேக்தான். லைனர் தேயத் தேய அதற்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும். பிரேக் பிடிக்கத் தாமதமாகும். சக்கரத்தருகே உள்ள ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருகி இடைவெளியைக் குறைப்பார்கள். அதிகமாக இறுக்கினால் லைனர் டிரம்மில் உரசிச் சூடேறும். கூடுதலும் ஆபத்து, குறைவும் ஆபத்து.

ராணுவப் பொறியியல் கல்லூரியும் தாபோடியில்தான். சர்வே படித்த எந்தப் பொறியாளரும், கோணம் அளக்கும் கருவியான தியோடலைட்டுக்கு இரண்டு வகை அட்ஜஸ்ட்மென்ட் உண்டு என்பார். ஒன்று தற்காலிகம்: கருவியை ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தும்போது மட்டம் பார்த்து, லென்ஸைச் சரிசெய்வது. மற்றது நிரந்தரம்: கருவியின் அச்சுகளுக்குள்ளேயே உள்ள உறவைச் சரிசெய்வது; அதில் அடிக்கடி கைவைக்க மாட்டார்கள்.

இந்தப் பாகுபாட்டை மனிதர்களிடம் நாம் மறந்துவிட்டோம். ரயிலில் கேட்பது தற்காலிகம். மூவரும் நகர்கிறார்கள், இறங்கும் ஸ்டேஷன் வந்தால் முடிந்தது. கல்யாணமான பெண்ணிடம் "அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா" என்று பெற்ற தாயே சொல்லும்போது நகர வேண்டியவள் ஒருத்திதான், முடிவு தேதியும் கிடையாது. சாப்பாடு, உடை, வேலை, கடைசியில் பேச்சு என்று அவளுடைய அச்சையே திருகுகிறோம். கேட்கும் குரல் மென்மையாக இருப்பதால் அது கட்டளை என்பது மறைந்துவிடுகிறது. மாப்பிள்ளையிடம் இதே வாக்கியத்தைச் சொல்லும் வீடுகள் எத்தனை?

சினிமாவில் இந்தச் சொல் இன்னும் கீழே இறங்கியது. மலையாளத் திரையுலகை ஆராய 2017-இல் அமைக்கப்பட்ட நீதிபதி ஹேமா குழு, 'அட்ஜஸ்ட்மென்ட்', 'காம்ப்ரமைஸ்' என்ற இரண்டு சொற்களும் அங்குள்ள பெண்களுக்கு நன்றாகவே பழகியவை என்று பதிவு செய்தது. வாய்ப்பு வேண்டுமானால் உடன்பட வேண்டும் என்பதற்கான நாசூக்குப் பெயர்கள் அவை. 2019 டிசம்பரில் அரசிடம் கொடுக்கப்பட்ட அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. கோடம்பாக்கத்துக்கும் அந்தச் சொல் புதிதல்ல.

பெஞ்சில் இடம் கேட்க இந்தச் சொல் இருக்கட்டும். ஒரு பெண்ணின் சம்மதத்தைப் பறிப்பதற்குப் பெயராக அதைக் கடன் வாங்குவதை நாளிதழ்களும் பேட்டி எடுப்பவர்களும் இனியாவது நிறுத்த வேண்டும். பணியிடத்தில் பெண்களைப் பாதுகாப்பதற்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்குப் பெயர் பாலியல் துன்புறுத்தல்.