பெட்டி பழசு இருக்கலாம், தலைமுறை பழசு கூடாது!

பழைய டெஸ்க்டாப் வாங்குபவர்கள் 'ஐ5' என்றதும் தலையாட்டிவிடுகிறார்கள். அதற்குப் பின்னால் வரும் எண்ணில்தான் விஷயமே இருக்கிறது. 3470 என்றால் மூன்றாம் தலைமுறை, 8500 என்றால் எட்டு, 10400 என்றால் பத்து.

வீட்டிலேயே டைப்பிங் வேலை பார்த்து மகளைப் படிக்கவைக்கும் அந்தப் பெண், சீட்டுப் பணத்தோடு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனார்.

"ஐ5 அக்கா, ஆபீஸ்ல ஓடினது. விலையும் கம்மி."

"எத்தனையாவது ஜெனரேஷன் தம்பி?"

"மூணு."

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஊரார் நம்பிக் கொடுக்கும் பத்திரங்களையும் ஆதார் நகல்களையும் பாதுகாப்பு அப்டேட் வராத மெஷினில் எப்படி வைப்பது?

கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து 8500-ஐயே எடுத்தார். 8 ஜி.பி. ராம், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. இரண்டையும் ஆன் செய்து பார்த்தார். வாரன்ட்டியை வாய்ப்பேச்சோடு விடாமல் பில்லில் எழுதி வாங்கினார்.

பெரிய மானிட்டர் ஆசையை மட்டும் தள்ளிவைத்தார். அந்தக் காசில் யு.பி.எஸ். வந்தது. பத்திரம் பாதி அடித்திருக்கும்போது கரன்ட் போனால், சேமித்து அணைக்க அந்தச் சில நிமிடங்கள் போதும்.