நடுவில் ஒரு துபாஷி

புதுச்சேரியில் டூப்ளே துரைக்கும் உள்ளூர் வியாபாரிகளுக்கும் நடுவே ஆனந்தரங்கம் பிள்ளை இருந்தார். துரையின் பாஷை வியாபாரிகளுக்குப் புரியாது. வியாபாரிகளின் பாஷை துரைக்குப் புரியாது. பிள்ளையவர்கள் ஒரு நாள் ஜுரமென்று படுத்துக்கொண்டால், துரை கோட்டையில் சுகமாக இருப்பார், சரக்கும் கிட்டங்கியில் பத்திரமாக இருக்கும், காரியம் மட்டும் நடக்காது. அந்த உத்தியோகத்துக்குத் துபாஷி என்று பெயர்.

கம்ப்யூட்டருக்குள்ளும் துபாஷிகள் இருக்கிறார்கள். அவர்களை டிரைவர் என்று அழைக்கிறார்கள். நமக்கு டிரைவர் என்றால் பஸ் ஓட்டுகிறவர் என்றுதான் படும். என்னைக் கேட்டால் துபாஷி என்றே வைத்திருக்கலாம். விண்டோஸ் என்ற நிர்வாகிக்கும், அச்சு யந்திரம், ஒலிபெருக்கி, டிஸ்க் முதலான உழைப்பாளிகளுக்கும் இடையே நின்று இவர் பேச்சை அவருக்கும் அவர் பேச்சை இவருக்கும் சொல்வதுதான் அதன் வேலை.

அச்சு யந்திரத்தின் டிரைவர் இல்லாவிட்டால் காகிதம் வராது. ஒலிக்கு உரியது இல்லாவிட்டால் பாட்டுக் கேட்காது. குடி முழுகிவிடாது. ஆனால் டிஸ்க்கைக் கட்டி ஆளும் கண்ட்ரோலர் என்று ஒன்று இருக்கிறதே, அதனுடைய டிரைவர் இல்லாவிட்டால் சங்கதி வேறு. ஏனென்றால் விண்டோஸே குடியிருப்பது அந்த டிஸ்க்கில்தான். டிரைவரும் அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது. டிஸ்க்கைப் படிக்க டிரைவர் வேண்டும். டிரைவரை எடுக்க டிஸ்க்கைப் படிக்க வேண்டும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளே வைத்துப் பூட்டின கதை.

பின்னே எப்படித்தான் தினமும் காலையில் கம்ப்யூட்டர் எழுந்திருக்கிறது? பலகையிலேயே பதிந்திருக்கும் பயாஸ் என்ற ஆதி நிரல் கொஞ்சம் கை கொடுக்கிறது. அதற்கு டிஸ்க்கைப் படிக்கிற சக்தி சொந்தமாகவே உண்டு. அதன் உதவியால் விண்டோஸின் மூலப் பகுதியும், எழுந்திருக்கும்போதே தேவைப்படும் சில டிரைவர்களும் நினைவகத்துக்கு வந்து சேருகின்றன. அப்புறம் பயாஸ் கையை எடுத்துவிடும். ஓடக்காரன் அக்கரையில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்ட மாதிரிதான். அந்த நிமிஷத்திலிருந்து விண்டோஸ் தன் சொந்த டிரைவரைக் கொண்டே டிஸ்க்கைப் பார்த்தாக வேண்டும். சரியான டிரைவர் கூட வரவில்லையென்றால், தான் எந்த டிஸ்க்கிலிருந்து வந்ததோ அந்த டிஸ்க்கே அதன் கண்ணுக்குத் தெரியாது. திகைத்து நின்று நீலத் திரை காட்டும். அந்தத் திரையிலே 7பி என்று முடிகிற எண் ஒன்று இருக்கும். யந்திரங்களைப் பழுது பார்க்கிறவர்களுக்கு அது பழைய சிநேகிதன்.

கதை எழுதுகிறவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். என் கதைகளில் பாதிக்கு மேல் காகிதத்தில் இல்லை; டிஸ்க்கில்தான் இருக்கின்றன. பரணில் என்ன இருக்கிறது, எலி எந்தப் பக்கம் வருகிறது என்று வீட்டுக்காரன் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டாமா?

முன்காலத்தில் இந்தத் தொல்லை வேறு தினுசாக இருந்தது. 2001-ல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியை ஏற்றும்போது, ஆரம்பத்தில் திரையின் அடியிலே ஒரு வரி சில விநாடிகள் தோன்றி மறையும். வேறு கம்பெனியாரின் டிஸ்க் டிரைவர் வேண்டுமானால் எஃப்6 பொத்தானை அழுத்து என்பது அதன் சாரம். கண் இமைத்தால் போயிற்று. அழுத்தினாலும் டிரைவரை ஃபிளாப்பியில்தான் கேட்கும், 1.44 எம்.பி. கொள்ளும் அந்தச் சதுர அட்டையில்தான் இருக்க வேண்டும். எக்ஸ்பி பிறந்த காலத்தில் அது பெரிய குறையில்லை. 2004-ல் இன்டெல் கம்பெனியார் ஏ.ஹெச்.சி.ஐ. என்று டிஸ்க்கோடு பேசப் புதிய இலக்கணம் ஒன்று வகுத்தார்கள். 32 கட்டளைகளை ஒரே சமயத்தில் வாங்கிக்கொண்டு, தபால்காரர் தெருவாரியாகக் கடிதங்களை அடுக்கிக்கொள்வதுபோல, டிஸ்க் தனக்குச் சௌகரியமான வரிசையில் முடித்துக் கொடுக்கும். நல்ல ஏற்பாடு. எக்ஸ்பிக்கு மட்டும் அந்த இலக்கணம் தெரியாது. அதற்குள் மடிக் கணினிகளிலிருந்து ஃபிளாப்பி வாயையே எடுத்துவிட்டார்கள். ஃபிளாப்பி இல்லாத யந்திரத்திடம் ஃபிளாப்பி கேட்டு நிற்கும் எக்ஸ்பியை அந்நாளில் பார்த்தவர்களுக்கு, ரேஷன் கடைச் சிப்பந்தி இல்லாத கார்டைக் கேட்டு அடம் பிடிப்பது ஞாபகம் வந்திருக்கும். அநேகர் பயாஸுக்குள் போய், டிஸ்க்கைப் பழைய ஐ.டி.இ. முறையிலேயே நடித்துக் கொண்டிருக்கச் சொல்லிவிட்டுக் காரியத்தை முடித்துக்கொண்டார்கள். 2007-ல் கடைக்கு வந்த விஸ்டா, டிரைவரைப் பென் டிரைவிலிருந்தும் குறுந்தட்டிலிருந்தும் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது. ஏ.ஹெச்.சி.ஐ.யும் அதற்குத் தெரிந்திருந்தது. விஸ்டாவைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன்.

தொல்லை அத்தோடு ஒழிந்தது என்று நினைத்தோம். 2011-ல் என்.வி.எம்.இ. என்ற இன்னொரு இலக்கணம் வந்தது. சுழலும் தட்டே இல்லாத டிஸ்க்குகளுக்காக ஏற்பட்டது அது. 32 கட்டளைகள் எங்கே. 65,535 வரிசைகள் எங்கே! அவ்வளவு வரிசைகள் வரை அதில் வைத்துக்கொள்ளலாம். அதற்கும் விண்டோஸ் சீக்கிரமே சொந்த டிரைவர் வைத்துக்கொண்டது. ஆனால் இன்டெல்காரர்கள் 2020-ல் வந்த தங்கள் 11-வது தலைமுறை மடிக்கணினிச் சில்லுகளிலே வி.எம்.டி. என்று ஒரு காவற்காரனையும் உட்கார வைத்திருந்தார்கள். பல டிஸ்க்குகளை ஒன்றாய்க் கட்டி ஆள்வதற்கு ஏற்பட்டவன் அவன். ஒரே ஒரு டிஸ்க் உள்ள மடிக் கணினியிலும் பல கம்பெனியார் அவனை வேலைக்கு வைத்தே அனுப்பினார்கள். அவன் வாசலில் நின்றால் உள்ளேயிருக்கும் டிஸ்க் வெளியே தெரியாது. அவன் பாஷை தெரிந்த டிரைவர் வந்தால்தான் கதவு திறக்கும்.

இந்தக் காவற்காரனால் எங்கள் தெருவில் ஒரு மனிதர் பதினோரு வருஷ உழைப்பை இழந்துவிட்டதாகவே நம்பி இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார்.

அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். காவேரிப் பாசனத்துக் குடியானவர்கள் நீரைப் பற்றிப் பேசும் சொற்களையெல்லாம் ஊர் ஊராகப் போய்க் கேட்டுச் சேர்த்து வந்தார். மடை, மதகு, கலிங்கு என்று நமக்கு நாலைந்துதான் தெரியும். அவரிடம் நாலாயிரம் சொற்களுக்கு மேல் இருந்தன. எந்த ஊரில், எந்த வயதுக்காரர், எதைக் காட்டிச் சொன்னார் என்ற குறிப்போடு இருந்தன. சொன்னவர்களில் பலர் இப்போது இல்லை. ஒரு நாள் மின்சாரம் போய் வந்த பிறகு அவருடைய மடிக் கணினி எழுந்திருக்கவில்லை. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார். கடைப் பையன் பென் டிரைவைச் செருகி விண்டோஸைப் புதிதாக ஏற்றப் பார்த்தான். டிஸ்க் எதையும் காணவில்லை என்று திரை சொல்லிற்று. "டிஸ்க் செத்துப் போச்சு சார். புதுசு போட்டுடலாம், பழசைத் தூக்கிப் போட்டுடுங்க" என்றான்.

அவர் புதுசு போடாமல் யந்திரத்தை அப்படியே எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, செத்துப் போச்சுங்கறான். எனக்கென்னவோ மனசு ஒப்பலை. நீ ஒரு தடவை பார்க்கறியா?"

"பார்க்கிறேன் சார். உட்காருங்கள். முதலில் காப்பி சாப்பிடுங்கள்."

பயாஸுக்குள் போனேன். டிஸ்க்கின் பெயரும் 512 ஜி.பி. என்ற அளவும் அங்கே தெளிவாக இருந்தன. செத்துப்போன டிஸ்க் தன் பெயரைச் சொல்லாது. பக்கத்துப் பக்கத்திலேயே வி.எம்.டி. கண்ட்ரோலர் விழித்துக் கொண்டிருப்பதாகவும் போட்டிருந்தது. எனக்கு அப்போதே விஷயம் பாதி விளங்கிவிட்டது.

இங்கே இரண்டு வழி உண்டு. காவற்காரனை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம்; அப்போது விண்டோஸின் சொந்த டிரைவருக்கே டிஸ்க் தெரியும். புதிதாக எல்லாம் ஏற்றப் போகிறவர்களுக்கு அது சுலபம். உள்ளே ஒருவருடைய பதினோரு வருஷம் இருக்கும்போது நான் அதைத் தொடமாட்டேன். இரண்டு டிஸ்க்குகளைக் கட்டிவைத்திருந்தாலோ, ஆப்டேன் என்ற துணை நினைவகம் சேர்த்திருந்தாலோ, காவற்காரனை நிறுத்தினதும் உள்ளே இருப்பதெல்லாம் அர்த்தமற்ற துண்டுகளாகத் தெரியும். பூட்டி வைக்கிற பிட்லாக்கர் இருந்தால், பயாஸில் கை வைத்ததும் 48 இலக்கச் சாவியைக் கேட்டு நிற்கவும் கூடும். ஆகவே இருக்கிற ஏற்பாட்டை அப்படியே விட்டு, அதற்கேற்ற துபாஷியைத் தேடிக் கொண்டுவருவதுதான் உசிதம் என்று தீர்மானித்தேன்.

துபாஷியைத் தேர்ந்தெடுப்பதில்தான் அநேகர் தடுமாறுகிறார்கள். பெரிய எண் போட்ட புதிய பதிப்பாக இருந்தால் நல்லது என்று எடுப்பார்கள். டிரைவர் விஷயத்தில் அது சரிப்படாது. புதிய பதிப்புகளில் பழைய தலைமுறைச் சில்லுகளைக் கழற்றி விட்டிருப்பதும் உண்டு. சாரின் யந்திரத்தில் ஒட்டியிருந்த சீட்டில் ஐ5-1135ஜி7 என்று இருந்தது. முதல் இரண்டு இலக்கம் தலைமுறையைச் சொல்லும்: பதினொன்று. யந்திரம் செய்த கம்பெனியின் பக்கத்தில் மாடல் பெயரைக் கொடுத்து, அந்தத் தலைமுறைக்குரிய டிரைவரை என் கம்ப்யூட்டரில் இறக்கினேன்.

உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு வழியும் உண்டு. எனக்கு அது மிகவும் பிடிக்கும். டிரைவரோடு ஐ.என்.எஃப். என்று முடியும் ஒரு சிறு கோப்பு வரும். சாதாரண நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். யார் யாருக்கு இந்த டிரைவர் ஊழியம் செய்யும் என்ற ஜாபிதா அதில் இருக்கும். ஒவ்வொரு கண்ட்ரோலருக்கும் செய்தவர் எண், சாதன எண் என்று கோத்திரம் மாதிரி இரண்டு உண்டு. இன்டெல்லின் செய்தவர் எண் 8086. 1978-ல் அவர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற சில்லின் பெயரே அது, குலப்பெயராக வைத்துக்கொண்டுவிட்டார்கள். 11-வது தலைமுறைக் காவற்காரனின் சாதன எண் 9ஏ0பி. ஜாபிதாவில் அது இருந்தது. பிறகு என்ன யோசனை?

ஒரு சங்கடம் உண்டு. இறங்கி வந்தது ஒரே மூட்டையாகக் கட்டின நிறுவல் நிரல். அதை அப்படியே பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் விண்டோஸ் ஏற்றும் திரைக்கு அவிழ்க்கத் தெரியாது. மூட்டையை முன்னதாகவே அவிழ்த்து, உள்ளேயிருக்கும் ஐ.என்.எஃப். கோப்பையும் அதன் கூட்டாளிகளையும் தனியாக எடுத்து வைக்க வேண்டும். டிரைவர் கிடைத்தும் வேலைக்கு ஆகவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

பென் டிரைவைச் செருகி, டிஸ்க் இல்லை என்ற அதே திரைக்கு வந்தோம். அந்த வாக்கியத்துக்கு அடுத்தபடியாகவே, ஸ்டோரேஜ் டிரைவர் வேண்டுமானால் 'லோட் டிரைவர்' என்பதை அழுத்து என்றும் எழுதியிருந்தது. சாருக்குப் படித்துக் காட்டினேன்.

"அந்தப் பையன் இதைப் படிக்கலையா?"

"முதல் வரியோடு நிறுத்தியிருப்பான் சார்."

"பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான். கேள்வியை முழுக்கப் படிக்கறவன் பத்துக்கு ஒருத்தன்" என்றார். இரண்டு நாளில் அவர் முகத்தில் முதல் சிரிப்பு அது.

டிரைவரைக் காட்டினேன். ஏழெட்டு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் வெறுமையாக இருந்த கட்டத்தில் டிஸ்க்கும் அதன் பிரிவுகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. இந்தக் கட்டத்தில் 'நெக்ஸ்ட்' என்ற பொத்தான் கையை இழுக்கும். அதை அழுத்தினால் வந்த காரியம் கெட்டது. ஷிஃப்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்தினால் ஒரு கறுப்புத் திரை வரும். அதிலிருந்து கோப்புகளை வேறொரு பென் டிரைவுக்குக் கட்டளை கொடுத்துப் பிரதி எடுக்கலாம். நல்ல வேளையாக அவர் டிஸ்க்குக்கு பிட்லாக்கர் பூட்டு இல்லை.

கோப்புகளின் பட்டியலைக் கேட்டேன். பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் வரிசை வரிசையாய்ச் சின்னச் சின்னக் கட்டங்கள். சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"எழுத்தெல்லாம் போயிடுச்சா தம்பி?"

"இல்லை சார். இந்தத் திரையில் தமிழ் எழுத்துரு கிடையாது. உள்ளே இருப்பது அப்படியே இருக்கும்."

அவர் நம்பவில்லை. பிரதி முடிய இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த இருபது நிமிஷமும் அவர் உட்காரவே இல்லை. பென் டிரைவை என் கம்ப்யூட்டரில் செருகி முதல் கோப்பைத் திறந்தேன். அவர் திரையின் அருகே குனிந்து, ஒரு சொல்லையும், சொன்னவர் பெயரையும், ஊரையும் வாய்விட்டுப் படித்தார். பிறகு அடுத்த சொல்லைப் படித்தார். ஏழெட்டுச் சொற்கள் வரை படித்துவிட்டு, "இந்தக் கிழவி போன தையில் தவறிப் போச்சு" என்று மட்டும் சொன்னார்.

பிரதி இரண்டு இடத்தில் பத்திரமானதும் அந்த டிஸ்க்கிலேயே விண்டோஸைப் புதிதாக ஏற்றினோம். இன்றும் அதே டிஸ்க்தான் ஓடுகிறது.

கடைப் பையன்மேல் எனக்குப் பெரிய கோபமில்லை. ஒரு நாளைக்கு இருபது யந்திரம் பார்க்கிறவன். ஆனால் டிரைவர்களையெல்லாம் தானே தேடிப் புதுப்பித்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் நிரல்கள் சில உண்டு. அவற்றைத்தான் நான் வாசலிலேயே நிறுத்துவேன். ஒலிக்குத் தப்பான டிரைவர் போட்டால் சத்தம் போகும். டிஸ்க் கண்ட்ரோலருக்குத் தப்பானதைப் போட்டால் மறுநாள் காலை 7பி.

ஓடுகிற விண்டோஸை வைத்துக்கொண்டே பயாஸில் வி.எம்.டி. அல்லது ராய்டு முறையிலிருந்து மாற வேண்டியவர்களுக்கு ஒரு தந்திரம் இருக்கிறது. மாற்றுவதற்கு முன்பே, அடுத்த தடவை சேஃப் மோடில் எழுந்திரு என்று விண்டோஸுக்கு எம்.எஸ்.கான்ஃபிக் மூலம் சொல்லிவைக்க வேண்டும். பிறகு பயாஸில் மாற்றினால், சேஃப் மோடில் எழும்போது தன்னிடமுள்ள டிஸ்க் டிரைவர்களைத் தட்டியெழுப்பிப் பொருத்தமானதைப் பிடித்துக்கொள்ளும். பிட்லாக்கர் இருந்தால் அதை முன்னதாக நிறுத்தி வைத்துவிடுவது நல்லது. எல்லாம் முடிந்ததும் சேஃப் மோடு குறியை மறக்காமல் எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் ஒவ்வொரு தடவையும் சேஃப் மோடிலேயே எழுந்து நிற்கும்.