கந்தனும் கந்தசாமியும்

ஒரு பெயரின் பொருளை அறிய விரும்புவோர் முதலில் அகராதியைப் புரட்டுவர். அடுத்துப் புராணத்தைக் கேட்பர். இவை இரண்டும் வேண்டியவையே. ஆயினும், அப்பெயரைத் தாங்கி வாழ்ந்த மனிதரை அவரது ஊர் எவ்வாறு அழைத்தது என்பதையும் கேட்டறிந்தாலன்றி அதன் பொருள் முழுமையாக விளங்காது. யாழ்ப்பாணத்திலே பல தலைமுறைகளாகப் பெருவழக்காயிருந்த கந்தசாமி என்னும் பெயரை எடுத்துக்கொண்டு இக்கருத்தை ஆராய முற்படுகிறேன். அது என் தந்தையாரின் பெயருமாகும்.

கந்தன் என்பது ஸ்கந்தன் என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம் என்பர் ஒரு சாரார். அச்சொல்லின் வேருக்குத் துள்ளுதல், பாய்தல், சிந்துதல் என்னும் பொருள்கள் உண்டு. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் வேறொரு விளக்கம் தருகிறது. சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளாய்க் கிடந்தவனை உமாதேவி ஒருசேர எடுத்து அணைத்தாள். ஆறு உருவும் ஓருருவாயின. அதனால் அவன் கந்தன், அஃதாவது ஒன்றுசேர்ந்தவன், ஆனான். இன்னொரு சாரார், தூண் என்று பொருள்படும் 'கந்து' என்னும் தமிழ்ச் சொல்லையே இதன் மூலமெனக் கொள்வர். ஊர்ப் பொதுவிடத்தில் தூண் நட்டு அதில் தெய்வம் உறைவதாக வழிபட்டது பழந்தமிழர் வழக்கம். முருகன் உறையும் இடங்களுள் ஒன்றாகத் திருமுருகாற்றுப்படையும் இதனைச் சொல்கிறது. இவற்றுள் எது சரியெனத் தீர்ப்புக் கூறுவது மொழியியலாரின் வேலை. மூன்று விளக்கங்களும் இப்பெயருக்குப் பெருமை சேர்ப்பனவே என்பதை மட்டும் இங்கு மனங்கொள்வோம்.

வரலாற்றிலும் இப்பெயருக்குக் குறைந்த இடம் கிடைத்துவிடவில்லை. சாந்தோக்கிய உபநிடதம் சனற்குமாரரை ஸ்கந்தன் என்கிறது. கி.பி. 2 ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட குஷாண மன்னன் ஹுவிஷ்கனின் பொற்காசுகளில் ஸ்கந்த குமாரன், விசாகன், மகாசேனன் என்னும் பெயர்கள் கிரேக்க எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. 5 ஆம் நூற்றாண்டில் ஹூணரை எதிர்த்துப் போரிட்ட குப்தப் பேரரசனின் பெயர் ஸ்கந்தகுப்தன். அவன் தந்தை குமாரகுப்தன். நம் தீவிலே மின்னேரிக் குளத்தைக் கட்டிய மன்னன் மகாசேனன் தாங்கியிருந்ததும் இத்தெய்வத்துக்குரிய பெயர்களுள் ஒன்றே. மன்னர் பலர் போர்த்தெய்வத்தின் பெயரைச் சூடி மகிழ்ந்தனர். அவர்களுள் எவனையும் பார்த்து, "உனக்கு இந்தப் பெயர் பொருந்தாது" என்று சொல்லும் துணிவு எவருக்கும் இருந்திருக்காது.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். இங்கே நல்லூரான் அலங்காரக் கந்தன். மாவிட்டபுரத்தான் அபிஷேகக் கந்தன். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியான் அன்னதானக் கந்தன். கோயில் மண்டபங்களிலே ஒருவர் பாட, மற்றொருவர் பொருள் சொல்லக் கந்தபுராணத்தின் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களும் ஆண்டுதோறும் படிக்கப்பட்டன. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்தின் பண்பாட்டையே 'கந்தபுராண கலாசாரம்' என்று அழைத்தார். இத்தகைய சூழலில் ஆண் குழந்தைகளுக்குக் கந்தசாமி, கந்தையா, கந்தப்பு, கந்தப்பிள்ளை, கந்தவனம் எனப் பெயரிட்டது வியப்பன்று. ஆறுமுக நாவலரின் தந்தை கந்தப்பிள்ளை. தந்தைக்கும் மகனுக்கும் ஒரே தெய்வத்தின் இருவேறு பெயர்கள்!

இவ்வளவும் பெயர் பரவிய கதை. அது பங்கிடப்பட்ட கதை வேறு.

மேற்சொன்ன பெயர்களைச் சற்று உற்று நோக்குக. கந்தன் என்னும் அடி எல்லாவற்றுக்கும் பொது. அதன்மேல் சாமி என்றும், ஐயா என்றும், பிள்ளை என்றும் ஓர் ஒட்டு நிற்கிறது. ஊரின் வழக்கில் அந்த ஒட்டு எல்லோருக்கும் உரியதாயிருக்கவில்லை. நிலமுடையவன் வீட்டுக் குழந்தை கந்தசாமியாக வளர்ந்து கந்தையாவாக முதிர்ந்தது. அவன் நிலத்தில் மண் கொத்தியவனின் குழந்தையும், அவன் பனையிற் கள் சீவியவனின் குழந்தையும், அவன் வேட்டியை வெளுத்தவனின் குழந்தையும் கந்தனாகப் பிறந்து கந்தனாகவே சுடலைக்குப் போயின. சுவாமி என்னும் வடசொல்லின் நேர்ப்பொருள் உடையவன் என்பதாகும். சொத்தேதும் இல்லாதவனுக்கு 'உடையவன்' என்னும் சொல்லையும் இல்லையென்று ஆக்கிவிட்டது நமது சமுதாயம். பண்டிதர்களின் கந்தபுராண கலாசாரம் இதற்கு என்ன விடை கூறும்? அப்புராணத்தின் நாயகனோ வேடர் வளர்த்த வள்ளியைத் தேடித் தினைப்புனத்துக்கு நடந்தவன்.

என் பாட்டனார் சீவல்தொழிலாளி. கந்தபுராணப் படிப்பைக் கோயில் வீதிக்கு அப்பால், வேலியோரத்தில் நின்று கேட்டவர். என் ஆச்சி செல்வச்சந்நிதியிலே நேர்ந்து பெற்ற பிள்ளைக்குக் கந்தசாமி எனப் பெயர் வைத்தார். பிறப்புப் பதிவாளர் அயலூரவர். சொன்ன பெயரை அப்படியே எழுதிவிட்டார். 1932 ஆம் ஆண்டளவில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பாட்டனார் அழைத்துச் சென்றபோதுதான் தடை வந்தது. தலைமையாசிரியர் இடாப்பை விரித்துப் பெயரைக் கேட்டார். பாட்டனார் சொன்னார். அவர் எழுதுகோலை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாராம்.

"கந்தசாமி கோயிலுக்கை இருக்கிறார். உன்ரை பெடியனுக்குக் கந்தன் காணும்."

"ஓம், நயினார்" என்பதைத் தவிர வேறெதையும் அன்று பாட்டனாரால் சொல்ல முடியவில்லை. அந்த மனிதரின் வளவுப் பனைகளிலேதான் அவர் சீவினார். அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமரவேண்டும் என்ற விதியும், அதற்கெதிரான கூக்குரலும் எழுந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. என் தந்தையாருக்கு வாங்கில் ஓர் ஓரம் கிடைத்தது. ஆனால் அவர் பெயர் தரையிலேயே அமர்த்தப்பட்டது.

இதனை ஒருவரின் கெட்ட மனத்தால் விளைந்தது என்று ஒதுக்கிவிடலாகாது. பிற்காலத்தில் நான் ஆசிரியனாகி, பழைய இடாப்புகள் சிலவற்றைப் புரட்டும் வாய்ப்பைப் பெற்றேன். அவற்றிலே பிள்ளையின் பெயர், தந்தையின் பெயர், பிறந்த திகதி, சமயம் ஆகியவற்றுக்கு நிரல்கள் உண்டு. சாதிக்கென ஒரு நிரல் இல்லை. அது வேண்டியிருக்கவில்லை, பெயரின் ஈறே அந்த வேலையைச் செய்துவிட்டது. வல்லி, சின்னான், கந்தன் என ஒரு கூட்டம். வல்லிபுரம், சின்னத்தம்பி, கந்தையா என இன்னொரு கூட்டம். அழகான கையெழுத்தில், எழுத்துப்பிழை எதுவுமின்றி, ஊரின் நிலவுறவு முழுவதும் அந்தத் தாள்களில் வரையப்பட்டிருந்தது. நம்மவரின் வழக்கப்படி தந்தையின் பெயரே மகனுக்கு முதற்பெயராக நிற்கும். ஆகவே ஒரு தலைமுறையிற் குறைக்கப்பட்ட பெயர் அடுத்த தலைமுறையின் சான்றிதழிலும் குறைந்தே நின்றது.

என் தந்தையார் படித்து, ஆசிரிய பயிற்சிக்குத் தெரிவானபோது அவருடைய பத்திரங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. பிறப்பத்தாட்சிப் பத்திரத்திலே கந்தசாமி. பள்ளிக்கூடப் பத்திரத்திலே கந்தன். அலுவலகம் விளக்கம் கேட்டது. அவர் சமாதான நீதவான் ஒருவர் முன் சென்று சத்தியக் கடதாசி முடித்தார். 'கந்தன் எனவும் கந்தசாமி எனவும் குறிக்கப்படுபவர் ஒருவரே' என்பது அதன் சாரம். முத்திரை ஒட்டிய அந்தத் தாள் இன்று என்னிடம் இருக்கிறது. தாம் தாமே என்பதற்கு ஒரு மனிதன் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது! ஆசிரியரான பின்னரும் ஊரில் சிலர் அவரைக் 'கந்தன் வாத்தி' என்றனர். 'வாத்தி' என்பது அவருடைய படிப்புக்கு அவர்கள் மனமின்றிக் கொடுத்த இடம். 'கந்தன்' என்பது அவர்கள் விட்டுக்கொடுக்க மறுத்த இடம். ஆச்சி மட்டும் தாம் கண்மூடும்வரை மகனைக் கந்தசாமி என்றே அழைத்தார். கோபத்திலும் அதைக் குறைத்ததில்லை.

இங்கு ஒருவர் வினவலாம்: தெய்வத்தையே 'கந்தா' என்றுதானே அடியார் அழைக்கின்றனர்? அலங்காரக் கந்தன், அன்னதானக் கந்தன் என்று ஒட்டில்லாமற் சொல்வது இழிவாகுமா? வினா நியாயமானது. அடியவன் 'கந்தா' என்று கூப்பிடுவது உரிமையினால். அவன் அவ்வாறு அழைப்பதால் கோயிலின் தேரும் கோபுரமும் குறைந்துவிடுவதில்லை. ஆனால் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வேலியின் இப்புறம் நின்று, அறுபது வயதுத் தொழிலாளியை 'டேய் கந்தா' என்று அழைக்கிறான். கிழவரோ தோளிலிருந்த துண்டை இறக்கி இடுப்பிற் கட்டிக்கொண்டு 'நயினார்' என்று விடையிறுக்கிறார். சொல் ஒன்றே; விளியும் ஒன்றே. விடையிலேதான் வேறுபாடு தெரிகிறது. இருவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்க முடியுமாயின் அது நட்பு. ஒருவன் மட்டுமே அவ்வாறு அழைக்க முடியுமாயின் அது அடிமைத்தனம்.

சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 ஆம் ஆண்டு நிறைவேறியது. கோயிலிலும், கடையிலும், பாடசாலையிலும் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது குற்றம் என்றது அச்சட்டம். புத்தகத்திலிருந்த சட்டம் வீதிக்கு வருவதற்கு மக்கள் இயக்கம் வேண்டியிருந்தது. 1966 ஒக்டோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. பொலிசாரின் தடியடியையும் மீறி அது முன்சென்றது. அடுத்த ஆண்டில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அமைந்தது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலில் ஆலயப் பிரவேசம் வேண்டிச் சத்தியாக்கிரகம் நிகழ்ந்தது. உள்ளே கந்தசுவாமி, வெளியே அவன் பெயரைத் தாங்கிய மக்கள். அவன் பெயராலேயே வழி மறித்து நின்றோரும் பலர். அபிஷேகக் கந்தனின் வாயிலை நோக்கி மக்கள் கேட்டது தரிசனத்தை மட்டுமன்று. தம் பெயரின் மீதிப் பகுதியையும் கேட்டார்கள் என்றே நான் கருதுகிறேன்.

அதன்பின் காலம் வேகமாக மாறியது. 1945 இல் வந்த இலவசக் கல்வியின் பயன் பிந்தியேனும் எம்மவர் குடிசைகளை எட்டியது. நிலவுடைமையின் பிடி தளர்ந்தது. போர் பலரைப் பெயர்த்தெறிந்தது. அகதி முகாமிலும் அயல்நாட்டிலும் பழைய அழைப்புகள் பல செல்லாக் காசாயின. பெயர்களும் மாறின. நான் கற்பித்த வகுப்புகளில் ஆண்டுதோறும் கந்தசாமிகள் குறைந்து வந்தனர். சுகந்தன், முகுந்தன், பிரசாந்தன் என்போர் பெருகினர். இதிலே வேடிக்கை என்னவெனில், இப்புதுப் பெயர்கள் எல்லாம் 'அன்' ஈற்றிலேயே முடிகின்றன. தம் வேலையாளுக்குக் கந்தன் காணும் என்ற குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்று எவ்வித ஒட்டுமின்றி முகுந்தனாகவும் பிரசாந்தனாகவும் பெருமையோடு உலவுகின்றனர். இழிவு எழுத்திலே இருந்ததில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அது நிலத்திலும், கூலியிலும், கிணற்றிலும் இருந்தது. எழுத்து அதன் அடையாளச் சீட்டாக மட்டுமே பயன்பட்டது.

பெயர்கள் சமமாகிவிட்டமையால் மனிதரும் சமமாகிவிட்டனர் என்று மகிழ்ந்திருக்கவும் இடமில்லை. ஈறு தன் வேலையை இழந்ததும் வேறு கேள்விகள் அவ்வேலையை ஏற்றுக்கொண்டன. "தம்பி எந்த இடம்? ஆற்றை மகன்?" என்னும் விசாரணை இன்றும் ஓயவில்லை. பத்திரிகைகளின் மணமக்கள் விளம்பரங்களிலே இன்றும் சாதியின் பெயர் அச்சேறுகிறது. இடாப்பில் இல்லாத நிரலைப் பத்திரிகை கட்டணம் வாங்கிக்கொண்டு தருகிறது.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே, ஒரு பெயரின் பொருளை மாணாக்கருக்குக் கற்பிக்கும்போது வேர்ச்சொல்லையும் புராணத்தையும் கற்பியுங்கள், ஸ்கந்தகுப்தனையும் சொல்லுங்கள். அத்தோடு, அதே பெயரின் பாதியை இழந்து உழைத்து மடிந்தவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். பழைய இடாப்புகள் உங்கள் பாடசாலை அலுமாரிகளிலே செல்லரித்துக் கிடக்கலாம். அவற்றை எடுத்துப் படியுங்கள். மாணவரையும் படிக்கச் செய்யுங்கள். ஊரின் வரலாற்றை எழுத அவற்றைவிட நேர்மையான ஆவணம் கிடைப்பது அரிது. அவற்றிலே பாதிப் பெயரோடு நிற்கும் பிள்ளைகளின் வீட்டாரிடம் சென்று, அவர்களின் தாய்மார் வைத்த முழுப்பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சொல்வதற்கு ஆளிருக்கும்போதே அதனைச் செய்துவிட வேண்டும்.