ஒத்திகை இல்லாத நாடகம்

பங்குனி பிறந்ததும் ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு நாடக நோட்டீஸ் வந்துவிடும். ரோஸ் நிறத் தாளில் வட்ட வட்டமாகப் போட்டோக்கள், கீழே பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஓர் ஊர். புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல், மதுரை. பூகோளப் புத்தகம் கைக்கு வருவதற்கு முன்பே அந்த ஊர்களை எனக்குச் சொல்லித்தந்தவை அந்த நோட்டீஸ்கள்தான். ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார், நாரதர் யார், பபூன் யார், டான்ஸ் யார் என்று திண்ணையில் உட்கார்ந்து பெரியவர்கள் வாய்விட்டு வாசிப்பார்கள். அடியில், எழுத்து பொடிப்பொடியாக, ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட். தாத்தாவின் கண் நேரே அந்தக் கடைசி வரிக்குத்தான் போகும். "பின்பாட்டு யாருன்னு பாருப்பா. மத்ததெல்லாம் அப்புறம்" என்பார்.

மாமா விழாக் கமிட்டியில் இருந்தார். மாசி மாதமே மதுரைக்கு பஸ் ஏறிவிடுவார். நடிகர் சங்கமும் நாடக ஏஜெண்டுகளும் இருந்தது அங்கேதான். ஒரு கம்பெனியை மொத்தமாகப் பேசிக் கூட்டிவருகிற வேலை இல்லை அது. ஸ்பெஷல் நாடகத்தில் ஒவ்வொரு நடிகருக்கும் தனித்தனியாகத் தேதி கேட்க வேண்டும், தனித்தனியாகச் சம்பளம் பேச வேண்டும், தனித்தனியாக அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். சீன் செட்டிங்குக்கு ஒருவர், ரேடியோ செட்டுக்கு இன்னொருவர். திரும்பி வந்த மாமா வெற்றிலை போட்டுக்கொண்டே அம்மாவிடம் கணக்குச் சொல்லுவார். நான் ஒரு தடவை குறுக்கே புகுந்து, "இவங்க எல்லாரும் எப்ப மாமா ஒத்திகை பார்ப்பாங்க?" என்று கேட்டேன். "ஒத்திகையா? அதெல்லாம் கிடையாதுடா. அன்னைக்கு ராத்திரி மேடையிலதான் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பாங்க" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பத்து நிமிட நாடகத்துக்கே எங்களை வாரக்கணக்கில் வெயிலில் நிற்கவைத்திருந்தார்கள்.

நாடகத்தன்று சாயங்காலம் முதல் பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் வீட்டுக்கும் நடப்பது என் வேலை. ஒவ்வொருவராக வந்து இறங்குவார்கள். தகரப்பெட்டிக்குள்ளே அவரவர் உடுப்பு, கிரீடம், சவுரி, அரிதாரம். உடுப்பும் சொந்தம், ஒப்பனையும் சொந்தக் கை. வந்தவர்களுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. வள்ளியாக நடிக்க வந்த மதுரை அக்காவும் முருகனாக நடிக்க வந்தவரும் எங்கள் தாழ்வாரத்தில் முதன்முதலாகப் பார்த்து, "வணக்கம்ணே, நமக்கு எந்த ஊரு?" "காரைக்குடிப் பக்கம்மா. உங்க வாத்தியார் யாரு?" என்று பேசிக்கொண்டதை நானே கேட்டேன். விடிவதற்குள் இந்த இரண்டு பேருக்கும் கல்யாணம் நடக்கப்போகிறது, ஊரே பார்க்கப்போகிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆர்மோனியம் வாசிக்கிற பின்பாட்டுக்காரரை எல்லோரும் வாத்தியார் என்றே கூப்பிடுவார்கள். அவர் அதிகம் பேச மாட்டார். சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொருவரிடமும் போய்ச் சுதி பற்றி ஒரே கேள்விதான்: "எத்தனை கட்டை?" ஒருவர் நாலு என்பார், இன்னொருவர் ஐந்தரை என்பார். அதோடு பேச்சு முடிந்தது. அந்த இரவின் முழுத் திட்டமும் அவ்வளவுதான்.

பத்து மணிக்கு மேல்தான் தொடங்கும். மில்லில் ஷிப்ட் முடிந்தவர்கள் தலையில் ஒட்டிய பஞ்சுத் துகளோடு நேரே கொட்டகைக்கு வந்து உட்காருவார்கள். பபூன் முதலில் வந்து கூட்டத்தை எழுப்புவார். பிறகு டான்ஸ். அதற்கப்புறம் நாரதர், அப்புறம்தான் கதை. மாமாவின் செல்வாக்கில் எனக்கு மேடையின் ஓரத்தில், ஆர்மோனியத்துக்குப் பின்னால் இடம். வாத்தியாருக்கு ஃபிளாஸ்க்கில் வெந்நீர் எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. நாடகம் எப்படி நடக்கிறது என்பதை அங்கே இருந்துதான் கண்டுகொண்டேன்.

வள்ளி தினைப்புனத்தில் நின்று ஆலோலம் பாடித் தொடங்குவாள். முதல் எழுத்து அவள் உதட்டில் வரும்போதே வாத்தியாரின் விரல் அவள் சுதியில் இருக்கும். முருகன் வந்ததும் அவர் சுதிக்கு ஏறும். ஓரிடத்தில் அக்காவுக்கு அடி மறந்துபோனது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, கண் மட்டும் ஓரமாக வந்தது. வாத்தியார் அந்த அடியின் முதல் சொல்லை ராகத்தோடு இழுத்தார். கூட்டத்துக்கு அது பின்பாட்டு. அக்காவுக்கு அது கைகொடுத்த படிக்கட்டு. பபூன் இடறி விழுந்தால், விழுகிற அந்த நொடியில் ஆல்ரவுண்ட்காரரின் தட்டு விழும். நடுவே யாராவது அன்பளிப்பு கொடுத்துவிட்டால் கதை நின்று, பெயர் சொல்லி, நன்றி சொல்லி, நின்ற இடத்திலிருந்தே பிசகாமல் நகரும். மேடை நடுவே தொங்கிய மைக்கின் முன்னால் வந்து பாடிவிட்டு, அடுத்தவருக்கு வழிவிட்டு விலகுவதற்கும் அவர்களுக்குள் ஒரு முறை இருந்தது. யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை.

நள்ளிரவு தாண்டி நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் வரும். அது எழுதி வைத்ததும் அல்ல, வெறும் வாய்ப்பேச்சும் அல்ல. ஒருவர் புராணத்திலிருந்து ஒரு கேள்வி போடுவார். மற்றவர் பாட்டாலோ வசனத்தாலோ பதில் சொல்ல வேண்டும். அன்றைக்கு நாரதர் மூத்தவர், அக்கா இளையவர். அவள் திணறுகிறாள் என்று தெரிந்ததும், பதில் உள்ளேயே இருக்கிற மாதிரி அவர் அடுத்த கேள்வியை மாற்றிக் கேட்டார். அக்கா பிடித்துக்கொண்டாள். கொட்டகை கை தட்டியது. வாத்தியார் என் பக்கம் திரும்பி, "பாத்தியா தம்பி, தோத்துக் குடுத்துட்டாரு" என்று முணுமுணுத்தார்.

இவ்வளவும் எந்தத் தைரியத்தில் நடக்கிறது என்று மறுநாள் தாத்தாவிடம் கேட்டேன். சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்து, 1922இல் புதுச்சேரியில் மறைந்தவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று அவர் எழுதிய நாடகங்கள்தான் மூன்று நான்கு தலைமுறைக்குச் சோறு போட்டன. 1918இல் மதுரையில் அவர் நடத்திய பால சபாவில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் பாடம் கற்றார்கள். காரைக்குடிக்காரரும் மதுரைக்காரியும் ஒரே பாட்டை, ஒரே வசனத்தை, வேறு வேறு வாத்தியார்களிடம் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்திருக்கிறார்கள். மாமா ஒத்திகை கிடையாது என்றாரே, அது பாதிதான் உண்மை. ஒத்திகை நடந்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் ஊரில், வெகு காலத்துக்கு முன்னால்.

தாத்தா அதோடு விடவில்லை. சிவகாசியில் பிறந்த விஸ்வநாததாஸைப் பற்றிச் சொல்லும்போது குரல் தழைந்துவிடும். முருகன் வேடத்தில் நின்றே வெள்ளைக்காரனுக்கு எதிரான பாட்டைப் பாடி, அதற்காகப் பல முறை சிறைக்குப் போனவர். பிறந்த சாதியைச் சொல்லி அவரோடு நடிக்க மறுத்தவர்களும் உண்டு. சேர்ந்து நடித்தவர்களில் கே.பி. ஜானகியம்மாள் ஒருவர். பின்னாளில் பொதுவுடைமை இயக்கத்தில் இறங்கி 1967இல் மதுரையிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனவர். தாஸ் 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர்விட்டார். எங்கள் சாலையைப் பிடித்துத் தெற்கே போனால் வரும் செங்கோட்டைதான் நாடக நடிகர் கிட்டப்பாவின் ஊர். அவரும் கே.பி. சுந்தராம்பாளும் நடித்துப் பாடிய அதே வள்ளி திருமணம்தான் எங்கள் தெருவில் நடந்தது.

தெருவில் மட்டுமல்ல, கோயிலுக்குள்ளும் நடிப்பைப் பார்த்திருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆச்சி வீடு. மார்கழியில் போனால் ஆண்டாள் கோயிலில் அரையர் சேவை. கூம்புக் குல்லாயும் கையில் தாளமுமாக அரையர் பாசுரத்தைப் பாடி, அபிநயம் பிடித்து, பொருளும் சொல்லுவார். முத்துக்குறி கட்டத்தில் தாயும் மகளும் குறி சொல்கிற கட்டுவிச்சியும் அவர் ஒருவரே. பரம்பரை பரம்பரையாக அரையர் குடும்பத்தில் வருகிற கலை அது. கோயிலுக்குள் ஆடுகிறவருக்குப் பரிவட்டமும் தீர்த்தமும் கிடைத்தன. தெருவில் விடிய விடியப் பாடியவர்களைச் சிலர் கூத்தாடி என்று இளக்காரமாகச் சொன்னார்கள்.

எங்கள் வீட்டிலேயே அந்த இளக்காரம் நடந்தது. வந்திருந்த உறவுக்காரர் ஒருவர், நாடகக்காரிக்கு எதற்கு வீட்டுக்குள் இலை போடுகிறீர்கள் என்று கேட்டார். அக்கா காதில் விழுந்திருக்கும், தலை நிமிரவில்லை. ஆச்சி அப்போது எங்களோடு இருந்தாள். குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "கொட்டகையில அவ வள்ளியாத்தான வந்து நிப்பா? அப்பக் கையெடுத்துக் கும்பிடுவேல்ல? இப்ப அவளுக்குச் சோறு போட எனக்கு என்ன கேடு?" என்றாள். பிறகு அக்காவின் இலையில் இன்னொரு கரண்டி நெய் விட்டாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

விடிந்து மங்களம் பாடியதும் தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்து, சம்பளத்தை எண்ணி முடிந்துகொண்டு, ஆளுக்கொரு பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். அன்று ராத்திரி வேறோர் ஊர், வேறொரு முருகன், வேறொரு வள்ளி.

பின்னால் பெரிய ஊர்களில் டைரக்டர், ஒளி அமைப்பாளர், உடை அமைப்பாளர் என்று நீண்ட பட்டியலோடு எத்தனையோ நாடகங்கள் பார்த்தேன். அவற்றையும் மதிக்கிறேன். ஆனால் ஒரு நாடகத்தை உண்டாக்குவது எது என்று யாராவது கேட்டால், எனக்குத் தெரிந்த பதில் அந்த மேடை ஓரத்தில் கிடைத்ததுதான். பக்கத்தில் இருப்பவரின் மூச்சுக்குக் காது கொடுப்பது, அவர் தடுமாறினால் கூட்டத்துக்குத் தெரியாமல் தாங்குவது, தேவைப்பட்டால் தோற்றுக்கொடுப்பது. இதைச் செய்யத் தெரிந்தவர்கள் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள், தேதிக்குக் காத்திருக்கிறார்கள். அடுத்த பங்குனிக்கு நோட்டீஸ் அடிக்கிற கமிட்டிக்காரர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: ராஜபார்ட்டின் பெயரை எந்த அளவு எழுத்தில் போடுகிறீர்களோ, பின்பாட்டுக்காரர், மிருதங்கக்காரர், ஆல்ரவுண்ட்காரர் பெயர்களையும் அதே எழுத்தில் போடுங்கள். வந்தவர்களை வீட்டுக்குள் உட்காரவைத்துச் சோறு போடுங்கள். பேசிய சம்பளத்தை விடிந்ததும் குறையாமல் கையில் கொடுங்கள். பார்க்க வருகிறவர்கள் மங்களம் பாடுகிறவரைக்கும் எழுந்திருக்காமல் இருந்தால் போதும்.